ஜி. என். இராமச்சந்திரன்

கோபாலசமுத்திரம் நாராயண ராமச்சந்திரன் (அக்டோபர் 8, 1922 – ஏப்ரல் 7, 2001) இருபதாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற இந்திய அறிவியலாளர்களுள் ஒருவர். இயற்பியலாளராகப் பயிற்சி பெற்ற இவர், உயிர்ப்பொருட்களின் மூலக்கூறு அமைப்பை ஆராய்ந்தமைக்காகப் பெரிதும் அறியப்படுகிறார். தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றில் உள்ள கொலாஜன் என்னும் புரதம் மூன்று இழைகள் கொண்ட சுருளாக அமைந்துள்ளது என்பதை 1954-இல் முன்மொழிந்தார். புரதச் சங்கிலிகள் எவ்வெவ்வாறு மடங்கலாம், எவ்வெவ்வாறு மடங்க இயலாது என்பதைக் காட்டும் இராமச்சந்திரன் வரைபடம் இவர் பெயரால் வழங்குகிறது. இவ்விரண்டு பணிகளும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நடைபெற்றவை.

கொலாஜன் அமைப்பு வெளியானபோது அதற்கு வலுவான எதிர்ப்பு எழுந்தது. அந்த எதிர்ப்புக்கு விடை தேடும் முயற்சியிலிருந்தே இராமச்சந்திரன் வரைபடம் பிறந்தது. எனவே இவ்விரண்டையும் சேர்த்தே அறிந்துகொள்ளுதல் நன்று.

இளமையும் கல்வியும்

இராமச்சந்திரன் அன்றைய கொச்சி அரசைச் சேர்ந்த எர்ணாகுளத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். தந்தை ஜி. ஆர். நாராயண ஐயர், தாயார் இலட்சுமி அம்மாள். பெயரின் முதலெழுத்து கோபாலசமுத்திரம் என்னும் ஊரைக் குறிக்கும். தந்தையார் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியராக விளங்கியவர். கணிதத்தின் மீது இராமச்சந்திரனுக்கு இருந்த பற்று இளமையில் வீட்டிலேயே தொடங்கியது எனலாம். பிற்காலத்தில் இவர் எடுத்துக்கொண்ட ஆய்வுகள் பலவற்றிலும், சிக்கலான ஒரு பொருளை எளிய வடிவியலாக மாற்றிக் காணும் வழக்கம் தெரிகிறது.

எர்ணாகுளத்தில் பள்ளிக் கல்வியையும் இடைநிலைக் கல்வியையும் முடித்தபின், 1939-இல் திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் சிறப்புப் பட்டப்படிப்பில் சேர்ந்தார். 1942-இல் சென்னை மாகாணத்தில் முதல் மாணவராகத் தேறினார்.

பெங்களூரில் இராமனுடன்

1942-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். அங்கு இயற்பியல் துறையில் இருந்த நோபல் பரிசாளர் ச. வெ. இராமன், இவருடைய திறமையைக் கண்டு தம் துறைக்கு மாற்றிக்கொண்டார். பெங்களூரிலேயே ஆய்வு செய்து, அதனைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குச் சமர்ப்பித்து 1944-இல் முதுநிலைப் பட்டமும் 1947-இல் அறிவியல் முதுமுனைவர் பட்டமும் பெற்றார். 1945-இல் இராஜலட்சுமியை மணந்தார்.

இக்காலத்தில் இவர் படிகங்களின் ஒளியியலையும், வைரம் போன்ற படிகங்களில் எக்சு-கதிர்கள் சிதறும் முறையையும் ஆராய்ந்தார். படிகத்தில் அணுக்கள் ஒழுங்கான வரிசைகளில் அடுக்கப்பட்டுள்ளன. அவற்றின்மீது எக்சு-கதிரைச் செலுத்தினால், கதிர் குறிப்பிட்ட திசைகளில் மட்டும் வலுவாகச் சிதறி ஒளிப்படத் தகட்டில் புள்ளிகளாகப் பதியும். அப்புள்ளிகளின் இடத்தையும் செறிவையும் கொண்டு அணுக்கள் எங்கெங்கு உள்ளன என்று கணக்கிடலாம். இம்முறைக்கு எக்சு-கதிர்ப் படிகவியல் என்று பெயர். பிற்காலத்தில் உயிர்ப்பொருட்களை ஆராய இவருக்குப் பயன்பட்ட கருவி இதுவே.

கேம்பிரிட்ச் பல்கலைக்கழகம்

1947-இல் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத்தின் காவெண்டிசு ஆய்வகத்தில் சேர்ந்தார். அங்கு டபிள்யூ. ஏ. வூஸ்டர் என்பாரின் வழிகாட்டுதலில், படிகங்களின் மீள்திறன் மாறிலிகளை எக்சு-கதிர்ச் சிதறலின் வழியாக அளக்கும் முறையை உருவாக்கி 1949-இல் முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங் ஆற்றிய சொற்பொழிவுகளை அங்கே கேட்டார். வேதிப்பிணைப்பு பற்றிய அடிப்படை அறிவையும் அணுக்களின் அளவுகளையும் கொண்டு, பெரிய மூலக்கூறுகளின் மாதிரிகளைக் கட்டிப் பார்க்கும் பாலிங்கின் வழிமுறை இவரை ஆழமாகப் பாதித்தது.

சென்னைப் பல்கலைக்கழகம்

1949-இல் இந்தியா திரும்பி இந்திய அறிவியல் கழகத்தில் துணைப் பேராசிரியராகப் பணியாற்றினார். அப்போது சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ஆ. இலட்சுமணசாமி முதலியார், புதிதாக ஓர் இயற்பியல் துறையைத் தொடங்க எண்ணி ச. வெ. இராமனை அணுகினார். இராமன் தம் மாணவரின் பெயரைப் பரிந்துரைத்தார். 1952-இல் இராமச்சந்திரன் அத்துறையின் தலைவராகவும் பேராசிரியராகவும் பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு முப்பது வயது நிறையவில்லை.

கிண்டி வளாகத்தில் அமைந்த அத்துறையில் எக்சு-கதிர்ப் படிகவியல் ஆய்வகம் ஒன்றை நிறுவினார். எந்தப் பொருளை எடுத்துக்கொள்வது என்ற வினா எழுந்த நேரத்தில், ஆங்கிலேயப் படிகவியலாளர் ஜே. டி. பெர்னல் சென்னைக்கு வந்தார். கொலாஜனின் அமைப்பைப் பற்றி முன்மொழியப்பட்டவை எவையும் மனநிறைவு தருவனவாக இல்லை என்று அவர் சுட்டிக்காட்டினார். இராமச்சந்திரன் அதனையே தம் ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டார்.

தோல் பதனிடுதல் என்பது வேதியியல் நோக்கில் கொலாஜனைப் பதப்படுத்துவதே ஆகும். இதனை ஆராயும் மைய தோல் ஆராய்ச்சி நிலையம் கிண்டி வளாகத்துக்கு அருகில் அடையாற்றில் இருந்தமை இவருக்கு நல்வாய்ப்பாக அமைந்தது. அங்கிருந்து கங்காருவின் வால் தசைநாண் உள்ளிட்ட மாதிரிகள் கிடைத்தன. அவற்றை ஆராயும் பணியில் ஆய்வு மாணவர் கோபிநாத் கர்த்தா இவருடன் சேர்ந்துகொண்டார்.

கொலாஜனின் அமைப்பு

மனித உடலில் உள்ள புரதங்களுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்கும் மேல் கொலாஜன் ஆகும். புரதங்கள் அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோக்கப்பட்ட நீண்ட சங்கிலிகள். ஓர் அமினோ அமிலத்தின் கார்பனும் அடுத்ததன் நைட்ரஜனும் இணையும் இடம் பெப்டைடு பிணைப்பு எனப்படும். எல்லா அமினோ அமிலங்களுக்கும் முதுகெலும்புப் பகுதி பொதுவானது. பக்கத்தொகுதி மட்டும் வேறுபடும். இவற்றுள் மிகச் சிறியது கிளைசீன். அதன் பக்கத்தொகுதி ஒரே ஒரு ஹைட்ரஜன் அணு.

கொலாஜனின் வேதிப்பகுப்பாய்வு அக்காலத்திலேயே அறியப்பட்டிருந்தது. அதன் அமினோ அமிலங்களில் மூன்றில் ஒரு பங்கு கிளைசீன். புரோலின், ஹைட்ராக்சிபுரோலின் ஆகிய இரண்டும் வழக்கத்துக்கு மாறாக மிகுதி. மூன்றில் ஒரு பங்கு என்ற இந்த எண்ணில் அமைப்பின் திறவுகோல் இருப்பதாக இராமச்சந்திரனும் கர்த்தாவும் கருதினர். சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசீன் இருப்பின், மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்க முடியும். மூன்றும் நெருங்கும் நடுப்பகுதியில் பெரிய பக்கத்தொகுதிக்கு இடமில்லை. கிளைசீனின் ஒற்றை ஹைட்ரஜனுக்கு மட்டுமே இடமுண்டு.

இக்கருத்தின் அடிப்படையில் அமைந்த மாதிரி 1954 ஆகத்து மாதம் நேச்சர் இதழில் வெளியானது. அதில் மூன்று சுருள்களும் ஒன்றுக்கொன்று இணையாக நின்றன. எக்சு-கதிர்ப் படங்களை மேலும் ஆராய்ந்தபோது, அச்சுருள்கள் கயிற்றின் புரிகளைப் போல ஒன்றையொன்று சுற்றிச் செல்லுதல் வேண்டும் என்பது தெரிந்தது. திருத்திய இம்மாதிரி 1955 செப்டம்பரில் அதே இதழில் வெளியானது. இதில் ஒவ்வொரு சங்கிலியும் இடஞ்சுழியாக முறுக்கிக்கொண்டிருக்க, மூன்றும் சேர்ந்து வலஞ்சுழியாக முறுக்கப்பட்டுள்ளன. எதிரெதிர்த் திசைகளில் முறுக்கப்பட்ட கயிறு எளிதில் பிரியாது. தசைநாணின் இழுவிசை தாங்கும் பண்புக்கு இவ்வமைப்பு பொருந்தி வருகிறது.

டி.என்.ஏ. அமைப்புடன் ஒப்பீடு

டி.என்.ஏ. மூலக்கூறின் இரட்டைச் சுருள் அமைப்பை ஜேம்ஸ் வாட்சனும் பிரான்சிஸ் கிரிக்கும் 1953 ஏப்ரலில் வெளியிட்டனர். ரோசலிண்ட் பிராங்கிளின், மாரிஸ் வில்கின்ஸ் ஆகியோரின் எக்சு-கதிர்ப் படங்கள் அதற்குத் துணைநின்றன. கொலாஜனின் முச்சுருள் அடுத்த ஆண்டில் சென்னையிலிருந்து வெளியானது. இரண்டுமே நார்ப்பொருட்களின் எக்சு-கதிர்ப் படங்களையும் வேதிப்பகுப்பாய்வில் கிடைத்த ஓர் எளிய விகிதத்தையும் இணைத்துப் பார்த்ததால் விளைந்தவை. டி.என்.ஏ.வில் அடினினும் தைமினும் சம அளவிலும், குவானினும் சைட்டோசினும் சம அளவிலும் இருந்தன. கொலாஜனில் கிளைசீன் மூன்றில் ஒரு பங்காக இருந்தது.

டி.என்.ஏ.வில் இரண்டு இழைகள் எதிரெதிர்த் திசையில் செல்கின்றன. கொலாஜனில் மூன்று இழைகள் ஒரே திசையில் செல்கின்றன. டி.என்.ஏ.வின் விட்டம் ஏறத்தாழ 20 ஆங்ஸ்ட்ராம். அடுத்தடுத்த கார இணைகளுக்கு இடையிலான தொலைவு 3.4 ஆங்ஸ்ட்ராம். கொலாஜன் முச்சுருளின் விட்டம் ஏறத்தாழ 15 ஆங்ஸ்ட்ராம். அடுத்தடுத்த அமினோ அமிலங்களுக்கு இடையிலான உயரம் ஏறத்தாழ 2.9 ஆங்ஸ்ட்ராம். (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு சென்டிமீட்டரின் பத்துக் கோடியில் ஒரு பங்கு.) டி.என்.ஏ.வின் இழைகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் இணைக்கின்றன. கொலாஜனின் இழைகளையும் அவையே இணைக்கின்றன. ஆனால் கொலாஜனில் எத்தனை ஹைட்ரஜன் பிணைப்புகள் உள்ளன என்பதில்தான் கருத்து வேறுபாடு தோன்றியது.

எழுந்த எதிர்ப்பு

1955 நவம்பரில் அலெக்சாண்டர் ரிச், பிரான்சிஸ் கிரிக் ஆகியோர் கொலாஜனுக்கு மற்றொரு மாதிரியை நேச்சர் இதழில் வெளியிட்டனர். மூன்று சங்கிலிகள், ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசீன், ஒன்றையொன்று சுற்றும் முறுக்கு ஆகிய அடிப்படைகள் சென்னை மாதிரியில் உள்ளவையே. இலண்டன் கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்த குழுவினரும் அதே ஆண்டில் இதனை ஒத்த முடிவுக்கு வந்தனர். ஆனால் சென்னை மாதிரியில் ஒவ்வொரு மூன்று அமினோ அமிலங்களுக்கும் இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் இருந்தன. ரிச்-கிரிக் மாதிரியில் ஒன்றுதான் இருந்தது. இரண்டு பிணைப்புகளை அமைக்கவேண்டுமெனில், பிணைப்பில்லாத சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்க நேரிடும் என்பது அவர்களின் வாதம்.

இந்த எதிர்ப்பு இராமச்சந்திரனைப் பெரிதும் வருத்தியது. ஆயினும் அவர் அதனை ஓர் அறிவியல் வினாவாக மாற்றிக்கொண்டார். அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்றால், அந்த அளவு யாது? அதற்கு மேல் நெருங்கக்கூடாது என்ற எல்லை எங்கே வரையறுக்கப்பட்டுள்ளது? இவ்வினாவுக்குத் துல்லியமான விடை அன்று யாரிடமும் இல்லை.

அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்?

இவ்வினாவை விளங்கிக்கொள்ள, அணுவின் அளவை எது தீர்மானிக்கிறது என்பதை அறிதல் வேண்டும். அணுக்கருவில் நேர்மின்சுமையும் அதனைச் சுற்றி எதிர்மின்சுமை கொண்ட எலக்ட்ரான்களும் உள்ளன. வெளிக்கூட்டிலுள்ள எலக்ட்ரான் அணுக்கருவின் முழு மின்சுமையையும் உணர்வதில்லை. உள்ளே இருக்கும் எலக்ட்ரான்கள் அதன் ஒரு பகுதியை மறைத்துவிடுகின்றன. மறைத்தது போக எஞ்சும் மின்சுமையே செயலுறு அணுக்கரு மின்சுமை எனப்படும். 1930-இல் ஜான் சிலேட்டர் வகுத்த விதிகளைக் கொண்டு இதனை எளிதில் மதிப்பிடலாம்.

எடுத்துக்காட்டாக, கார்பனின் அணுஎண் 6. அதன் வெளிக்கூட்டு எலக்ட்ரான் ஒன்றை எடுத்துக்கொண்டால், அதே கூட்டிலுள்ள மற்ற 3 எலக்ட்ரான்கள் ஒவ்வொன்றும் 0.35 அளவும், உட்கூட்டிலுள்ள 2 எலக்ட்ரான்கள் ஒவ்வொன்றும் 0.85 அளவும் மறைக்கின்றன. மொத்த மறைப்பு 2.75. எனவே கார்பனின் செயலுறு அணுக்கரு மின்சுமை 3.25. இவ்வாறே கணக்கிட்டால் நைட்ரஜனுக்கு 3.90 எனவும் ஆக்சிஜனுக்கு 4.55 எனவும் வரும். இம்மதிப்பு கூடக்கூட, வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள் அணுக்கருவை நோக்கி மேலும் இழுக்கப்படுகின்றன, அணு சிறுக்கிறது. தனிம வரிசை அட்டவணையில் இடமிருந்து வலமாகச் செல்கையில் அணு ஆரம் குறைவதற்குக் காரணம் இதுவே.

ஒன்றோடொன்று பிணைப்பில்லாத இரண்டு அணுக்கள் நெருங்கும்போது, ஓரளவுக்கு மேல் அவற்றின் எலக்ட்ரான் முகில்கள் ஒன்றையொன்று வலுவாக விலக்குகின்றன. இவ்வகையில் ஓர் அணு தனக்கென வைத்துக்கொள்ளும் இடத்தின் அளவு வான்டெர்வால்ஸ் ஆரம் எனப்படும். இது கார்பனுக்கு 1.7, நைட்ரஜனுக்கு 1.55, ஆக்சிஜனுக்கு 1.52, ஹைட்ரஜனுக்கு 1.2 ஆங்ஸ்ட்ராம் அளவில் உள்ளது. இதன்படி பிணைப்பில்லாத இரண்டு கார்பன் அணுக்களின் மையங்களுக்கு இடையே 3.4 ஆங்ஸ்ட்ராம் இருக்கவேண்டும். ஆனால் அணுக்கள் கெட்டியான கோலிக்குண்டுகள் அல்ல. உண்மையான படிகங்களில் இதனினும் குறைந்த தொலைவுகள் காணப்படுகின்றன.

எனவே இராமச்சந்திரனும் அவருடைய மாணவர்களும் நேரடியான ஒரு வழியைக் கையாண்டனர். அமினோ அமிலங்கள், சிறு பெப்டைடுகள், அவற்றை ஒத்த சேர்மங்கள் ஆகியவற்றில், அதுவரை எக்சு-கதிர் முறையால் அமைப்பு அறியப்பட்டவற்றைத் தொகுத்தனர். ஒவ்வொன்றிலும் பிணைப்பில்லாத அணுக்கள் எவ்வளவு நெருங்கியுள்ளன என்று அளந்தனர். ஒவ்வொரு வகை அணு இணைக்கும் இரண்டு எல்லைகளை வகுத்தனர். ஒன்று இயல்பான எல்லை. மற்றொன்று அரிதாக மட்டுமே எட்டப்படும் கடை எல்லை. கார்பன்-கார்பன் இணைக்கு இவை 3.2, 3.0 ஆங்ஸ்ட்ராம், ஆக்சிஜன்-ஆக்சிஜன் இணைக்கு 2.8, 2.7, ஹைட்ரஜன்-ஹைட்ரஜன் இணைக்கு 2.0, 1.9.

இராமச்சந்திரன் வரைபடம்

எல்லைகள் கிடைத்தபின், அவற்றைக் கொலாஜனுக்கு மட்டுமன்றி எல்லாப் புரதங்களுக்கும் பொருத்திப் பார்க்கலாம் என்பதை இராமச்சந்திரன் உணர்ந்தார். பெப்டைடு பிணைப்பு பாதியளவு இரட்டைப் பிணைப்பின் பண்பைக் கொண்டது. அதில் கார்பன்-நைட்ரஜன் தொலைவு 1.33 ஆங்ஸ்ட்ராம், சாதாரண ஒற்றைப் பிணைப்பில் அது 1.47 ஆங்ஸ்ட்ராம் ஆகும். இரட்டைப் பிணைப்பைச் சுற்றி எளிதில் திருப்ப இயலாது. ஆகவே பெப்டைடு தொகுதி முழுவதும் தட்டையான அட்டை போன்றது என்பதைப் பாலிங்கும் இராபர்ட் கோரியும் முன்னரே நிறுவியிருந்தனர்.

அவ்வாறாயின் புரதச் சங்கிலி என்பது, மூலைகளில் இணைக்கப்பட்ட அட்டைகளின் வரிசை. ஒவ்வோர் இணைப்பிலும், அதாவது ஒவ்வோர் ஆல்ஃபா கார்பனிலும், இரண்டு பிணைப்புகளைச் சுற்றி மட்டுமே திருப்பம் நிகழலாம். நைட்ரஜனுக்கும் ஆல்ஃபா கார்பனுக்கும் இடையிலான திருப்பம் ஃபை கோணம். ஆல்ஃபா கார்பனுக்கும் அடுத்த கார்பனுக்கும் இடையிலான திருப்பம் சை கோணம். ஒவ்வோர் அமினோ அமிலத்துக்கும் இவ்விரண்டு எண்களைத் தந்தால், சங்கிலியின் முழு வடிவமும் கிடைத்துவிடும். எண்ணற்ற வடிவங்களைக் கொள்ளக்கூடிய ஒரு பெரிய மூலக்கூறு, இரண்டு அச்சுகள் கொண்ட ஒரு சதுரத்தில் அடங்கிவிடுகிறது.

சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் இணைந்து, ஃபை, சை ஆகியவற்றின் ஒவ்வொரு மதிப்பு இணைக்கும் அணுக்களுக்கு இடையிலான தொலைவுகளை இராமச்சந்திரன் கணக்கிட்டார். ஏதேனும் ஓர் அணு இணை கடை எல்லையைத் தாண்டி நெருங்கினால், அம்மடிப்பு இயலாதது எனக் கொள்ளப்பட்டது. இன்று கணினியில் நொடிப்பொழுதில் முடியும் இவ்வேலை, அன்று மேசைக் கணக்கிடும் பொறிகளின் துணையுடன் செய்யப்பட்டது. இம்முடிவுகள் 1963-இல் மூலக்கூற்று உயிரியல் ஆய்விதழில் ஐந்து பக்கக் கட்டுரையாக வெளியாயின.

படத்தின் பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு விலக்கப்பட்ட பகுதியாக அமைந்தது. எஞ்சிய பகுதியில் மூன்று தீவுகள் தோன்றின. ஒன்று, பாலிங் 1951-இல் கண்டறிந்த ஆல்ஃபா சுருளுக்கு உரியது. அதன் ஃபை மதிப்பு ஏறத்தாழ −57 பாகை, சை மதிப்பு −47 பாகை. மற்றொன்று பீட்டா தாள் அமைப்புக்கு உரியது. கொலாஜனின் சங்கிலிகளும் இப்பகுதியிலேயே அமைகின்றன. மூன்றாவது, அரிதாகக் காணப்படும் இடஞ்சுழி ஆல்ஃபா சுருளுக்கு உரிய சிறு பகுதி. பக்கத்தொகுதியாக ஒரு ஹைட்ரஜன் மட்டுமே உடைய கிளைசீனுக்கு அனுமதிக்கப்பட்ட பரப்பு மிகவும் விரிந்தது. வளையத்தால் கட்டுண்ட புரோலினுக்கு அது மிகவும் குறுகியது. (மூலக் கட்டுரையில் கோணங்கள் 0 முதல் 360 பாகை வரை குறிக்கப்பட்டன. −180 முதல் 180 வரை குறிக்கும் இன்றைய வழக்கம் 1970-இல் பன்னாட்டு அளவில் ஏற்கப்பட்டது.)

இவ்வரைபடம் எந்தப் புரதத்தையும் அளந்து பெறப்பட்டதன்று. சிறு மூலக்கூறுகளில் கண்ட அணுத்தொலைவுகளிலிருந்து முற்றிலும் கணக்கால் பெறப்பட்டது. அதன் பின்னர் ஒன்றன்பின் ஒன்றாகப் புரதங்களின் அமைப்புகள் வெளிவந்தபோது, அவற்றின் அமினோ அமிலங்களில் மிகப்பெரும்பாலானவை அனுமதிக்கப்பட்ட பகுதிகளிலேயே விழுந்தன.

கருத்து வேறுபாட்டின் முடிவு

கொலாஜனைப் பொறுத்தவரை இரு தரப்பிலும் உண்மை இருந்தது. முச்சுருள் என்னும் அடிப்படைக் கருத்தும், கிளைசீனின் இடமும், ஒன்றையொன்று சுற்றும் முறுக்கும் சென்னையில் முதலில் முன்வைக்கப்பட்டவை. நேரடி ஹைட்ரஜன் பிணைப்பு மூன்று அமினோ அமிலங்களுக்கு ஒன்றே என்பதில் ரிச்-கிரிக் மாதிரி சரியாக இருந்தது. 1968-இல் இராமச்சந்திரனும் ஆர். சந்திரசேகரனும், இரண்டாவது இணைப்பு நீர் மூலக்கூறின் வழியாக அமையலாம் என்று முன்மொழிந்தனர். 1994-இல் கொலாஜனை ஒத்த ஒரு பெப்டைடின் படிக அமைப்பு 1.9 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் வெளியானது. அதில் முச்சுருளும், ஒற்றை நேரடிப் பிணைப்பும், சங்கிலிகளை இணைக்கும் நீர் மூலக்கூறுகளின் வலையும் தெளிவாகக் காணப்பட்டன.

இவ்வமைப்பைப் பற்றிய அறிவு மருத்துவத்திலும் பயன்படுகிறது. எலும்புகள் எளிதில் நொறுங்கும் ஒரு மரபுவழி நோயில், பெரும்பாலும் கொலாஜன் சங்கிலியில் ஒரு கிளைசீனுக்குப் பதிலாக வேறோர் அமினோ அமிலம் அமைந்துவிடுகிறது. நடுவில் இடமில்லாத இடத்தில் பெரிய பக்கத்தொகுதி புகுவதால் முச்சுருள் சரியாக முறுக்கிக்கொள்வதில்லை. புரோலினை ஹைட்ராக்சிபுரோலினாக மாற்ற வைட்டமின் சி தேவை. அது கிட்டாதபோது முச்சுருள் உறுதியிழக்கிறது. ஈறுகளில் குருதி கசியும் ஸ்கர்வி நோய் தோன்றுகிறது.

பிற ஆய்வுகள்

1956-இல் எஸ். இராமனுடன் இணைந்து, எக்சு-கதிர்களின் இயல்பு மீறிய சிதறலைக் கொண்டு படிக அமைப்பைக் கண்டறியும் முறையை வெளியிட்டார். 1963-இலும் 1967-இலும் புரத அமைப்பு பற்றிய பன்னாட்டுக் கருத்தரங்குகளைச் சென்னையில் நடத்தினார். ஆர். சீனிவாசனுடன் சேர்ந்து படிகவியலில் பூரியர் முறைகள் பற்றிய நூலை எழுதினார். இவருடைய மாணவர் கர்த்தா அமெரிக்கா சென்று, 1967-இல் ரைபோநியூக்ளியேசு என்னும் நொதியின் அமைப்பைக் கண்டறிந்த குழுவில் இடம்பெற்றார். சசிசேகரன் பிற்காலத்தில் டி.என்.ஏ.வின் மாற்று அமைப்பு மாதிரிகளை ஆராய்ந்தார்.

1971-இல் ஏ. வி. இலட்சுமிநாராயணனுடன் சேர்ந்து, பல திசைகளிலிருந்து எடுத்த எக்சு-கதிர் நிழற்படங்களைக் கொண்டு ஒரு பொருளின் உட்புறத்தை மீட்டமைக்கும் கணக்கீட்டு முறையை வெளியிட்டார். பூரியர் மாற்றங்களைத் தவிர்த்ததால் கணக்கீடு விரைவாக முடிந்தது. கணினிவழி உடல் ஊடுகதிர்ப்படக் கருவியால் நோயாளி ஒருவர் முதன்முதலில் சோதிக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். இவ்விருவர் பெயரால் வழங்கும் வடிப்பி இன்றும் அத்துறைப் பாடநூல்களில் இடம்பெறுகிறது.

மீண்டும் பெங்களூர்

இலட்சுமணசாமி முதலியார் 1969-இல் துணைவேந்தர் பொறுப்பிலிருந்து விலகினார். அதற்குச் சற்றுப் பின்னர் இராமச்சந்திரனும் சென்னையை விட்டுப் பெங்களூர் சென்று, இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூற்று உயிரியற்பியல் பிரிவைத் தொடங்கினார். அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்திலும் சில ஆண்டுகள் பகுதிநேரப் பேராசிரியராக இருந்தார். பிற்காலத்தில் கணித மெய்யியலில் நாட்டம் கொண்டு, தருக்கத்தை அணிகளின் வடிவில் எழுதும் முறையை ஆராய்ந்தார்.

விருதுகளும் சிறப்புகளும்

1961-இல் சாந்தி சுவரூப் பட்நாகர் விருது பெற்றார். 1977-இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1999-இல் பன்னாட்டுப் படிகவியல் ஒன்றியம் தனது உயரிய பரிசான எவால்ட் பரிசை இவருக்கு வழங்கியது. நோபல் பரிசு இவருக்குக் கிடைக்கவில்லை.

இறுதிக்காலம்

இராமச்சந்திரன் வாழ்நாளின் நீண்ட காலம் மனச்சோர்வு நோயால் அவதியுற்றார். பிற்காலத்தில் நடுக்குவாத நோயும் சேர்ந்தது. 1998-இல் மனைவி இராஜலட்சுமியின் மறைவு இவரை மேலும் தளர்த்தியது. 2001 ஏப்ரல் 7 அன்று சென்னையில் காலமானார். இவருடைய மகன்களுள் ஒருவரான இரமேஷ் நாராயண் புகழ்பெற்ற வானியற்பியலாளர் ஆவார்.

இன்றைய பயன்பாடு

உலகப் புரதத் தரவு வங்கியில் இன்று இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட அமைப்புகள் உள்ளன. எக்சு-கதிர்ப் படிகவியல், அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு, உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கி என எம்முறையில் பெறப்பட்ட புரத அமைப்பாயினும், அது சரியாக உள்ளதா என்று பார்க்க இராமச்சந்திரன் வரைபடத்தில் இட்டுப் பார்ப்பது வழக்கம். அமினோ அமிலங்கள் பல விலக்கப்பட்ட பகுதியில் விழுந்தால், அமைப்பைக் கணித்ததில் பிழை இருக்கலாம் எனக் கொண்டு மீண்டும் ஆராய்வர். கணினியால் முன்கணிக்கப்படும் அமைப்புகளுக்கும் இச்சோதனை பொருந்தும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இவர் தொடங்கிய துறையின் வழிவந்த படிகவியல் மற்றும் உயிரியற்பியல் உயராய்வு மையம் கிண்டி வளாகத்தில் இயங்குகிறது.